மாடத்தி உட்கார்ந்த ஞாயிற்றுக்கிழமைகள்

சுடலைமாடத்தி என்ற பெயர் முதன்முதலாகக் காதில் விழுந்தது தூத்துக்குடியில் ஒரு ஜவுளிக்கடையின் இரண்டாம் மாடியில். ஆறுமுகநேரிச் சித்தி மகளுக்கு முகூர்த்தப் பட்டு எடுக்கப் பதினாலு பேர் வேன் பிடித்துப் போயிருந்த நாள் அது. "மாடத்தி, அந்த மயில்கழுத்துக் கலரத் தோள்ல போட்டு நில்லு" என்று கடை அண்ணாச்சி குரல் கொடுத்தார். சேலைக் குவியலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒருத்தி வந்தாள். முந்தானையை மடிப்பு வைத்துத் தோளில் விட்டாள். பிறகு நின்றாள். அவ்வளவுதான் அவள் செய்தது. காற்று விழுந்த நேரத்தில் கொடியில் கிடக்கும் துணி எப்படி இருக்கும், அப்படி இருந்தது அந்த நிற்பு. மூச்சு விடுகிறாளா என்று கல்யாணப் பெண்ணின் அத்தை ஒருத்தி கிட்டே போய்ப் பார்த்தாள்.

யார் வீட்டுப் பெண் என்று விசாரிக்காமல் நம்மாட்கள் கடையை விட்டுப் படி இறங்குவார்களா? விசாரித்ததில், நாசரேத்துக்கு மேற்கே தேரிச் செம்மணல் மேட்டை ஒட்டிய ஊர், கருப்பட்டி யாபாரம் பார்த்த சிவனாண்டியின் கடைக்குட்டி என்று தெரிந்தது. சிவனாண்டிக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவன் பாண்டியராஜன், நடுவுள்ளவள் முத்துச்செல்வி, அடுத்தது இந்த மாடத்தி. மாடத்தியைக் கட்டியவர் துறைமுகத்தில் சரக்கு லாரி ஓட்டினார். கல்யாணமாகி ஆறாம் வருசம் நெஞ்சுவலி வந்து போய்விட்டார். பிள்ளை கிடையாது. அதிலிருந்து அண்ணன் வீட்டோடு இருந்துகொண்டு, இருபத்து மூன்று வருசம் அந்தக் கடையில் ஊரார் வீட்டுக் கல்யாணச் சேலைகளைத் தன் தோளில் போட்டு நின்றாள். உட்கார வழியில்லாத வேலை. கடைசியில் முழங்கால் இரண்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டன. வேலையை விட்டபோது வயது ஐம்பத்தைந்து.

முத்துச்செல்வி கதை சின்னது. பதினாலு வயசில், சடங்காகும் முன்னாலே, மஞ்சள் காமாலையில் இறந்தவள். அப்படிப் போகிற பிள்ளைகளை நம் பக்கத்தில் செத்தவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. வீட்டுக் கன்னியாக வைத்துக் கும்பிடுவார்கள். ஒரு பனையோலைப் பெட்டி, அதற்குள் ஒரு பாவாடை சட்டை, வளையல், ரிப்பன், சீப்பு, கண்ணாடி. உள்ளறையில் உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். தை பிறந்தால் பெட்டியை இறக்கிப் புதுப்பாவாடை வைத்து, பழையதை வேறு ஒரு பெண்பிள்ளைக்கு உடுக்கக் கொடுப்பார்கள். நாற்பத்தைந்து வருசமாக அந்தப் பாவாடைத் துணியை எடுத்தது மாடத்தி கைதான். கடையில் புதுச் சரக்கு வந்து இறங்கும்போதே இது அக்காவுக்கு என்று ஒரு துண்டை மனசுக்குள் ஒதுக்கி வைத்துவிடுவாள்.

பாண்டியராஜன் காலமான பிறகு அவர் மகன் சிவப்பிரகாஷ், துறைமுகத்தில் கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் இருக்கிறவன், முத்தையாபுரத்தில் புது வீடு கட்டத் தொடங்கினான். தங்கமான பிள்ளை. அத்தைக்கென்று கீழே ஓர் அறையும் போட்டான். பூஜை அறைக்கு வெள்ளைக் கல் பதித்தான். ஆனால் ஓலைப்பெட்டி மட்டும் புது வீட்டுக்கு வர வேண்டாம் என்றான். மேலே தொங்கவிட உத்தரம் இல்லை, பூச்சி அரிக்கும், எலி வரும். பெட்டியை ஊர்க்கோயிலில் கொண்டுபோய் வைத்துவிட்டு, பெரிய அத்தை படம் ஒன்றைச் சட்டம் போட்டு மாட்டிக் கும்பிடலாம் என்பது அவன் யோசனை. தையில் பால் காய்ப்பு. அதற்குள் படம் வேண்டும்.

படத்துக்கு எங்கே போவது? முத்துச்செல்வியை யாரும் போட்டோ எடுத்ததில்லை. அதற்கும் சிவப்பிரகாஷ் ஒரு வழி வைத்திருந்தான். அக்காளும் தங்கச்சியும் ஒரே அச்சு என்று ஊரே சொல்லும். மாடத்தியும் ஆமாம் ஆமாம் என்பாள். அதனால் மாடத்தியைச் செல்போனில் ஒரு படம் பிடித்து, அதிலேயே வயசைக் குறைத்துக் காட்டினான். சாயங்கால சீரியலில் வருகிற மாதிரி ஒரு பிள்ளை, உதட்டுச் சாயமும் வழவழப்பான கன்னமுமாகச் சிரித்தது.

"இது யாருலே?" என்றாள் மாடத்தி.

"நீங்கதான் அத்த. அப்பம் பெரியத்தையும் இப்டித்தான இருந்திருப்பாவ?"

மாடத்தி போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அக்காவுக்கு இடம் இல்லாத வீட்டில் தனக்கு மட்டும் ஓர் அறையா என்பதுதான் மனசில் நின்றது.

அப்போது அவள் பீச் ரோட்டுப் பக்கம், முன்னே சங்கு குடோனாக இருந்த ஒரு கட்டடத்தில் கூட்டிப் பெருக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அதன் மாடியில் பெனிஸ்டன் என்கிறவர் ஞாயிற்றுக்கிழமை தோறும் படம் வரையச் சொல்லிக் கொடுப்பார். கடற்கரைக்காரர், வார்த்தை மெதுவாகத்தான் வரும். ஒன்பது பேர் படித்தார்கள். நாசரேத்திலிருந்து பஸ் ஏறி வருகிற ஜீவமணி டீச்சர், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற ஆவுடையப்பன், மற்றபடி காலேஜில் சேர முயற்சி செய்கிற பிள்ளைகள். நடுவில் ஒரு ஸ்டூல். அதில் ஓர் ஆள் உட்கார வேண்டும். சுற்றிலும் வட்டமாக இவர்கள் பலகையை மடியில் சாய்த்துக்கொண்டு கரித்துண்டால் அந்த ஆளைப் பார்த்துப் பார்த்து வரைவார்கள். வழக்கமாக உட்காருகிற மூட்டைக்காரப் பெரியவர் கார்த்திகை மாசத்தில் காய்ச்சலில் படுத்துவிட்டார். பெனிஸ்டன் தயங்கித் தயங்கி மாடத்தியிடம் கேட்டார்.

என்ன செய்யணும் என்றாள். "ஒண்ணும் செய்யாண்டாம் யக்கா. சும்மா இருந்தாப் போதும். அசையக்கூடாது."

அந்த வேலையைத்தானே இருபத்து மூன்று வருசம் பார்த்தேன் என்றாள் மாடத்தி. அதுவும் உட்கார்ந்துகொண்டு என்றபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. பதிலுக்கு ஒன்று மட்டும் கேட்டாள். வரைகிற படங்களில் எது அவளுக்குப் பிடிக்கிறதோ அதை எடுத்துக்கொள்ள விட வேண்டும். பெனிஸ்டன் சரி என்றார். எதற்கு என்று கேட்டதில் அக்கா விஷயத்தைச் சொன்னாள். அவர் சங்கடப்பட்டார். இவர்கள் கண்ணுக்கு முன்னால் இருப்பதைத்தான் வரைவார்கள், இல்லாத பிள்ளையை வரைய இவர்களுக்குத் தெரியாது என்றார்.

"கண்ணு முன்னால அவ வந்துட்டா?" என்றாள் மாடத்தி.

பெனிஸ்டனுக்குப் புரியவில்லை. நம் பக்கத்து ஆட்களுக்குத்தான் அது புரியும். வீட்டுக் கன்னி வருசத்தில் ஒருநாள் யார் மேலாவது இறங்குவாள். இறங்கினால் அந்த ஆளின் குரல் மாறும், முகம் மாறும். மாறின முகத்தில் செத்துப்போனவளின் சாயலைப் பார்த்ததாகச் சத்தியம் பண்ணுகிறவர்கள் உண்டு. மாடத்தியின் திட்டம் இதுதான்: அக்கா தன்மேல் இறங்க வேண்டும், ஒன்பது பேர் அதைப் பார்க்க வேண்டும், பார்த்தபடி வரைந்துவிட வேண்டும். ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. சாமி வந்தால் உடம்பு ஆடும். இங்கேயோ ஆடக்கூடாது. வருகிற அக்காவை ஆடாமல் வாங்கிக்கொள்ள வேண்டும்.

முதல் ஞாயிற்றுக்கு முந்தின மூன்று நாள் மீன் சேர்க்கவில்லை. விடியலில் தலைக்கு ஊற்றிக்கொண்டு, ஈரம் காயாத கொண்டையோடு போய் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

அந்த மாடி ஒரு தினுசான இடம். உயரமான ஜன்னல்கள். கடல் வெளிச்சம் உள்ளே வந்து சுண்ணாம்புச் சுவரில் அசைந்துகொண்டே இருக்கும். தரைக் கல் இடுக்கில் பழைய சங்குப் பொடி இன்னும் இருக்கிறது, எவ்வளவு பெருக்கினாலும் போகாது. கரித்துண்டு தாளில் உரசும் சத்தம் ஈர மணலில் நண்டு ஓடுகிற மாதிரி. துறைமுகத்தில் எப்போதாவது ஒரு கப்பல் ஊதும். ஒன்பது பேர் கண்ணும் அவள் மேல். கடையில் பார்த்தவர்கள் சேலையைப் பார்த்தார்கள். இவர்கள் காதைப் பார்த்தார்கள், முழங்கையைப் பார்த்தார்கள். முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு கால் மரத்தது. பிறகு கால் இருப்பதே மறந்தது.

மறந்த இடத்தில் தேரி வந்தது. செக்கச் சிவந்த மணல், பனைகளின் நிழல் கோடு கோடாக. நாசரேத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போகிற பாதை. மணல் சுடும். முன்னால் அக்கா போகிறாள். அவள் கால் பதிந்த குழியில் கால் வைத்தால் சூடு கொஞ்சம் குறைவு. மாடத்தி ஒவ்வொரு குழியாகத் தாவித் தாவிப் போகிறாள். பாவாடை ஓரத்தில் சிவப்பு மண் ஏறியிருக்கிறது. "ஏளா, வா" என்கிறாள் அக்கா, திரும்பாமல். திரும்பு என்று மாடத்தி நினைக்கிறாள். ஒரே ஒரு தடவை திரும்பினால் போதும், ஒன்பது பேரும் பார்த்துவிடுவார்கள். உச்சந்தலையில் குளிர்ந்தது. தோள் துள்ளப் பார்த்தது. பல்லைக் கடித்து அடக்கிக்கொண்டாள். மயிர் அசையவில்லை.

"போதும் யக்கா" என்றார் பெனிஸ்டன்.

எழுந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பலகையாகப் போய்ப் பார்த்தாள். இது நான். இதுவும் நான். கண்ணுக்குக் கீழே பை, கன்னத்தில் பள்ளம், வாயோரத்தில் கோடு. ஒரு பையன் அவளை மீசை வைத்த மாதிரி வரைந்திருந்தான். ஒன்பதையும் பார்த்து முடித்துவிட்டு, துடைப்பத்தை எடுத்துக்கொண்டு கீழே போனாள்.

அடுத்த ஞாயிறும் அப்படித்தான். அதற்கடுத்ததும். மூன்றாம் ஞாயிறு சிவப்பிரகாஷ் அவளைக் கூட்டிப்போக பைக்கில் வந்தவன் மாடி ஏறி வந்துவிட்டான். ஜீவமணி டீச்சர் வரைந்ததைப் பார்த்து அசந்துபோனான். வாயைத் திறந்தால் பேசும் போலிருக்கிறது, இதையே சட்டம் போட்டு மாட்டிவிடலாம் என்றான். டீச்சருக்கும் சந்தோசம், கொடுக்கத் தயார்.

"நான் உசுரோடதான இருக்கேன். எனக்கே மாலையப் போட்டு வெளக்கு வைப்பியளா?" என்றாள் மாடத்தி.

"சாயல் ஒண்ணுன்னு நீங்கதான சொன்னிய?"

மாடத்தி துடைப்பத்தை மூலையில் சாத்திவிட்டுப் படி இறங்கினாள். பைக்கில் வீடு வருகிற நேரத்தில் அவன் சொன்னான், பால் காய்ப்புக்கு இன்னும் இரண்டு ஞாயிறுதான் இருக்கிறது, அதற்குள் வேறு கிடைக்காவிட்டால் டீச்சர் படம்தான் என்று.

நாலாம் ஞாயிறு அக்கா பாதையில் வரவே இல்லை. வெறும் மணல்தான் வந்தது.

ஐந்தாம் ஞாயிறு மாடத்தி விரதத்தை விட்டுவிட்டாள். முந்தின நாள் வீட்டில் சாளை மீன் குழம்பு, இரண்டு தடவை ஊற்றிச் சாப்பிட்டாள். குழாயில் தண்ணீர் வரவில்லை, முகம் மட்டும் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். எதையும் கூப்பிடவில்லை. ஜன்னலுக்கு வெளியே ஒரு கப்பல் போகிறதா நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அரைமணி கழித்து ஆவுடையப்பன் ஷிப்ட் முடிந்து வியர்வையோடு ஓடி வந்தார். வட்டத்தில் இடமில்லை. அவளுக்கு நேர் பின்னால் மட்டும் ஒரு நாற்காலி காலியாகக் கிடந்தது. அந்த இடத்தை யாரும் விரும்பி எடுப்பதில்லை, அங்கே உட்கார்ந்தால் முகம் கிடைக்காது. அவர் அங்கே போய் உட்கார்ந்தார்.

முடிந்ததும் வழக்கம்போலச் சுற்றி வந்தாள். எட்டுப் பலகையிலும் மீன் குழம்பு சாப்பிட்ட ஐம்பத்தாறு வயசுக்காரி இருந்தாள். ஆவுடையப்பன் பலகையை வெட்கத்தோடு திருப்பி வைத்துக்கொண்டார். நேரம் இல்லை, நாலு கோடுதான் இழுத்தேன் என்றார். காட்டுங்கள் என்றாள்.

நாலு கோடுதான். ஒரு கழுத்து. சரிய முடிந்த கூந்தல். முதுகின் நடுவே மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. இடது தோள் வலதை விடக் கொஞ்சம் இறங்கி இருந்தது, இடுப்பில் குடம் சுமக்கிற பிள்ளைக்கு இறங்குமே அப்படி. தலை அந்தப் பக்கமே லேசாகச் சாய்ந்திருந்தது. வயசைக் காட்டுகிற எதையும் போட அவருக்கு நேரம் இருந்திருக்கவில்லை.

மாடத்தி ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள். முன் ஞாயிறுகளில் அடக்கி வைத்திருந்த நடுக்கம் அப்போது வந்தது. தன் முதுகை அவள் பார்த்ததே கிடையாது. கடையில் சுற்றிலும் கண்ணாடி இருந்தும், அவள் பார்வை எப்போதும் சேலை வாங்க வந்தவர்கள் பக்கம்தான் இருந்தது. ஆகவே தாளில் இருப்பது தன் முதுகு என்று சொல்ல அவளுக்குள்ளே சாட்சி இல்லை. அந்தத் தோள் அவளுக்குத் தெரிந்த தோள். அதன் பின்னாலே எத்தனை நாள் மணலில் நடந்திருக்கிறாள்.

"இவள எங்கன பாத்திய?" என்று கேட்டாள்.

"ஒங்களத்தான் பாத்தேன் அக்கா" என்றார் ஆவுடையப்பன். "மொகம் எனக்கு வராது."

தாளைச் சுருட்டாமல், இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்து, மடியில் கிடத்திக்கொண்டு பஸ்ஸில் வந்தாள்.

வீட்டில் அதை விரித்ததும் சிவப்பிரகாஷ் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான், மறுபக்கத்தில் முகம் இருக்குமோ என்பது போல. அவன் பெண்டாட்டி சண்முகப்ரியா காயல் ரோட்டுக் கடைக்காரர் மகள், பதவிசான பெண், மாடத்தியைச் சித்தி என்று கூப்பிடுவாள். அவள் முகம் சுருங்கிவிட்டது.

"முதுகக் காட்டிக்கிட்டுல்லா நிக்கா சித்தி. வீட்ட விட்டுப் போற மாதிரி இருக்கு. பால் காய்க்குத அன்னைக்கு இத மாட்டலாமா?"

"போகலளா. முன்னால போறா."

சிவப்பிரகாஷ் பொறுமையாகத்தான் சொன்னான். சாமி என்றால் முகம் வேண்டாமா, கும்பிடுகிறவர்களைப் பார்க்க வேண்டாமா, டீச்சர் வரைந்தது எவ்வளவு லட்சணமாக இருக்கிறது, சொந்தக்காரர்கள் வந்து கேட்டால் என்ன சொல்வது என்று வரிசையாக அடுக்கினான். மாடத்தி எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு நாற்பத்தைந்து வருசமாக யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள்.

"எனக்கு அவ மொகம் மறந்து போச்சு பிரகாசு."

கையிலிருந்த தாளை அவன் கீழே வைத்தான்.

"ஒரே அச்சுன்னு எல்லாரும் சொல்லுவாவ. நானும் தலைய ஆட்டுவேன். நான் அப்பம் பதினொரு வயசுப் பிள்ள. கண்ணாடியப் பாத்து இதுதான் அக்கான்னு நெனச்சுக்கிடுவேன். எனக்கு வயசாக வயசாக அவ அதுலேர்ந்து போயிட்டா. மூக்கு எப்டி, கண்ணு எப்டி, ஒண்ணும் தெரியல. கூடப்பிறந்தவ மறந்துட்டான்னா யாருட்ட போய்ச் சொல்ல? முதுகு மட்டும் இருக்கு. பள்ளிக்கூடத்துக்கு அவ பின்னாலதான போவேன். இது அவதான். மொகம் போட்டு ஒரு படம் மாட்டுனா அது வேற ஆரோ. வேற ஆரையோ நான் கும்பிட மாட்டேன்."

சண்முகப்ரியா எழுந்துபோய்ப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு மாடத்தியின் பின்னால் போய் நின்று அவள் தோளைப் பார்த்தாள். அப்புறம் காப்பி போடப் போனாள்.

பூஜை அறையில் அந்தப் படத்தை மாட்டவில்லை. அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். முதுகு காட்டுகிற படத்தைச் சாமிகளோடு வைக்க சண்முகப்ரியாவுக்கு மனம் வரவில்லை, மாடத்தியும் வற்புறுத்தவில்லை. ஆனால் டீச்சர் படத்தையும் அவர்கள் வாங்கவில்லை. வீட்டுக்குள்ளே மாடிக்குப் படி ஏறுகிற இடத்தில், முதல் படிக்கு நேராக, சிவப்பிரகாஷே சுவரில் துளை போட்டு மாட்டினான். அங்கே வைத்தால் அவள் நமக்கு முன்னால் படி ஏறிப் போகிற மாதிரி இருக்கும் என்று இடம் காட்டியது சண்முகப்ரியா. அதற்குக் கீழே சிமெண்டில் ஒரு சின்ன மாடம் வைத்தார்கள். ஓலைப்பெட்டி ஊர்க்கோயிலுக்குப் போகவில்லை. வேப்பிலை போட்டு அந்த மாடத்தில் வைத்திருக்கிறார்கள்.

பால் காய்ப்பு அன்று பொங்கின பாலை முதலில் பூஜை அறையில் வைத்தார்கள், இரண்டாவது டம்ளரைப் படிக்கட்டில் வைத்தார்கள். வந்த சொந்தங்களில் சிலர் முகத்தைச் சுளித்தார்கள். இதென்ன, விருந்தாளிக்கு முதுகைக் காட்டுகிற சாமி என்று ஒரு மாமா கேட்டார். மாடத்தி, "எங்க அக்கா. எப்பவும் வேகமாத்தான் நடப்பா" என்றாள். அந்த வருசப் பாவாடை நீலத்தில் வெள்ளைப் பூப் போட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் இன்னும் பீச் ரோட்டு மாடிக்குப் போய் ஸ்டூலில் உட்காருகிறாள். எந்தப் படத்தையும் கேட்டு வாங்குவதில்லை. மற்ற நாட்களில் வீட்டோடுதான். சுடலைமாடத்தி இப்போது முத்தையாபுரத்தில், அண்ணன் மகன் சிவப்பிரகாஷ் வீட்டில், கீழறையில் இருக்கிறாள்.